மாற்று ஆள் வரும்வரை

சின்னவளின் அப்பாவுக்குப் பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டது. பெண்டாட்டி செத்துப்போனதுகூட மறந்துவிட்டது. ஷிஃப்ட் மட்டும் மறக்கவில்லை. கண்ணாடி பாட்டில் செய்யும் ஆலையில் உலைக்குக் காவல் நின்றே ஆயுசைக் கழித்தவர். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று அந்த ஆலை அவர் உடம்பைச் சுற்றிவிட்ட சுற்றில், மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் அது நிற்கவில்லை. திங்கட்கிழமை பிறந்தால் யாரும் சொல்லாமலே ஆள் மாறிவிடுவார். காலை வாரம் என்றால் விடிவதற்கு முன்பே எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு தயாராக நிற்பார். இரவு வாரம் என்றால் பகலெல்லாம் போர்வைக்குள் சுருண்டு கிடந்துவிட்டு, அக்கம்பக்கம் விளக்கணைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை மாதிரி உற்சாகமாக எழுந்து உட்காருவார். டாக்டர் இந்த நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் வைத்ததோடு அவர் வேலை முடிந்துவிட்டது.

யாரைப் பார்த்தாலும் அப்பா கேட்பது ஒரே கேள்விதான். "எந்த ஷிஃப்ட்டு?" தண்ணீர் கேன் போடுகிறவனிடம் கேட்பார். மீட்டர் பார்க்க வந்தவரிடம் கேட்டார். டாக்டரிடமும் கேட்டார். "எப்பவும் பகல்தான் ஐயா" என்று அவர் சொன்னதும், "குடுத்து வச்சவரு" என்று சின்னவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வீடு என்பது மூன்றாவது மாடியில் ஒரே ஒரு அறை. அதன் மூலையில் மேடை, மேடைமேல் இரண்டு அடுப்பு, கீழே கேஸ் சிலிண்டர். இந்த அடுப்புதான் அப்பாவுக்கு உலை. அவரைச் சமாளிக்கும் சூட்சுமத்தைச் சின்னவள் கண்டுபிடித்ததும் இந்த அடுப்படியில்தான். ஆரம்பத்தில் தூங்கப் போகச் சொன்னால் போகமாட்டார். கெஞ்சினாள், அதட்டினாள், ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். மனுஷன் மேடையைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. "ஆள் வராம எப்படிம்மா போறது?" என்று அழாத குறையாகக் கேட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உலையைத் தனியே விட்டு எவனும் போகக்கூடாது என்பது அந்த ஆலையின் சட்டம். மாற்று ஆள் வரவேண்டும், தீயைப் பார்க்கவேண்டும், "எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் ஆள் நகரலாம். உலை ஒருமுறை ஆறிப்போனால் உள்ளே உருகிக் கிடக்கும் கண்ணாடி கல்லாக இறுகிவிடும். அப்புறம் உலையை இடித்துத்தான் ஆகவேண்டும்.

அன்று சின்னவள் அடுப்பைப் பற்றவைத்து, பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "மாத்து ஆள் வந்தாச்சு. நான் எடுத்துக்கிட்டேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். அவர் தீயை ஒருமுறை குனிந்து பார்த்தார். "நல்லா எரியுது. பார்த்துக்க" என்றார். நாலு எட்டு நடந்து கட்டிலில் ஏறிப் படுத்தவர், தலை சாய்த்ததும் தூங்கிப்போனார். அவ்வளவுதான் விஷயம். இதற்குப்போய் இத்தனை நாள் மல்லுக்கட்டினோமே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதிலிருந்து அவர் படுக்கப் போகும்போது அவள் உலையை வாங்கிக்கொள்வாள். அவர் எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, உலையை அவரிடம் ஒப்படைப்பாள். தூரத்திலிருந்து உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார். "என் டூட்டில ஒருநாளும் ஆறினதில்ல" என்பார். ஊரே மறந்துபோன தலைக்குள் அந்த ஒரு பெருமை மட்டும் அலுங்காமல் குலுங்காமல் இருந்தது.

சின்னவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம். செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றாள். கடை பக்கத்துத் தெரு என்பதால் நடுவில் ஓடிவந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. முதலாளி நல்லவர். நல்லவர் நடத்தும் கடைக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி செருப்புக் கொடுத்து அனுப்பிவைத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் வேலை கேட்டு ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் வயதைக் கேட்டார்கள், அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். வீட்டுக்காரர் படியில் எதிர்ப்பட்டால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கடைசியில் வேலை இருக்கிறது என்று சொன்னது ஒரே ஒரு இடம். ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட், மாறி மாறி.

அப்பாவைத் தின்ற அதே சக்கரம். அதைவிடப் பெரிய கவலை, அவளுக்கு இரவு வாரம் வந்தால் அப்பாவிடமிருந்து உலையை யார் வாங்குவது?

அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் தூரத்தில் இருக்கிறான், நல்ல வேலை, நல்ல வீடு, நல்ல குரல்.

"ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாவது அப்பாவை அங்க வச்சுக்கோயேன்" என்றாள்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இங்க லிஃப்ட்டு, கண்ணாடிக் கதவு, அது இதுன்னு இருக்கு. அவருக்குப் பழகாது. உங்கூட இருந்தாத்தான் அவருக்கு நிம்மதி."

"நான் வேலைக்குப் போகணுமே."

"போ. யார் வேண்டாங்கிறா? நீ என்ன முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்" என்றான் அண்ணன்.

உலகத்திலேயே மலிவான உதவி இதுதான். கொடுக்கிறவனுக்குச் செலவில்லை, வாங்குகிறவளுக்குப் பயனில்லை. போனை வைத்துவிட்டு அவள் அண்ணனை வாய்விட்டே திட்டினாள். அப்பா திரும்பிப் பார்த்து, "யாரு, சூப்பர்வைசரா?" என்று கேட்டார். "ஆமாம்பா, அவனேதான்" என்றாள்.

திட்டி முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாவின் சுற்றும் மூன்று வாரம், சலவைக்கூடத்தின் சுற்றும் மூன்று வாரம். இரண்டும் பொருந்தினால்? அப்பாவுக்குக் காலை வாரம் நடக்கும்போது ராத்திரி அவர் அடித்துப்போட்டது போலத் தூங்குவார். அந்த வாரம் தனக்கு இரவு ஷிஃப்ட் விழுந்தால் போதும், அது விடிவதற்கு முன்பே முடிந்துவிடும். அவர் எழுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். பொருந்தியது. மற்ற வாரங்களில் இருவர் நேரமும் கொஞ்சம் இடிக்கும், அதற்குக் கீழ்வீட்டு அக்காவைக் காலில் விழுந்தாவது பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரி முகத்தில் சிரிப்பு வராத பெண், ஆனால் மனசு கெட்டவள் இல்லை. இந்தக் குரூப்பில்தான் போடவேண்டும் என்று சின்னவள் கேட்டதும் விநோதமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் நைட்டு வேண்டாம்பாங்க. நீங்க என்ன, இந்த வாரம் நைட்டு இருக்கிற குரூப்பாக் கேக்கறீங்க?"

"எங்கப்பாவுக்கு இது காலை ஷிஃப்ட்டு வாரங்க."

"அப்பா வேலை பார்க்கிறாரா?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். "பார்க்கிறார்" என்றாள்.

"சரி. ஒரு நைட்டு வந்து நின்னு பாருங்க. உடம்பு ஏத்துக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க. பாதியில ஓடிப்போறவங்களைச் சேர்த்துச் சேர்த்து எனக்கு அலுத்துப்போச்சு."

அன்று சாயங்காலம் அப்பாவிடமிருந்து உலையை வாங்கிக்கொண்டாள். அவர் தூங்கியதும் எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்தாள். ஜன்னல் கொக்கி. குளியலறையில் ஈரம். கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. ஆளில்லாத வீட்டில் கேஸைத் திறந்துவிட்டாரானால் கட்டடமே போய்விடும் என்று சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிப் பரணில் ஒளித்து வைத்தாள். தீப்பெட்டியும் லைட்டரும் அவள் பைக்குள். புதிதாக வாங்கிய பூட்டை வெளியில் போட்டுப் பூட்டினாள். பெற்ற அப்பாவைப் பூட்டிவிட்டுப் போகிறோமே என்று தன்னையே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. என்றாலும் போனாள்.

சலவைக்கூடத்தில் அவளை உருளை மெஷினில் நிறுத்தினார்கள். ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, சூடான உருளைக்குள் கொடுக்கவேண்டும். அந்தப் பக்கம் அது காகிதம் மாதிரி வெளியே வரும். ஒரு விரிப்பு போனதும் அடுத்தது. எதிர்முனையைப் பிடித்தவளுக்கு அங்கே 'கொட்டாவி' என்று பெயர். விடாமல் கொட்டாவி விடுவாள், ஆனால் முனை ஒருதரம்கூடக் கையிலிருந்து நழுவாது.

"எத்தனை வருஷமாக்கா இங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"எம் பொண்ணு நடக்கப் பழகினப்ப வந்தேன். இப்ப அவளுக்குப் பொண்ணு நடக்குது. நடுவுல நடந்ததெல்லாம் நான் தூங்கிட்டிருந்தப்ப நடந்தது" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். பிறகு சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்றுதான் தோன்றியது. கால் கடுத்தது, கண் எரிந்தது, ஆனாலும் மனசுக்குள் ஒரு தெம்பு. வீட்டுக்காரர் மறுபடி சிரிப்பதைக்கூடக் கற்பனை செய்து பார்த்துக்கொண்டாள்.

ஷிஃப்ட் முடியும் மணி அடித்தது. சின்னவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் கொட்டாவி. "உன் முனைக்கு ஆள் வரலையே."

"மணி அடிச்சாச்சேக்கா."

"மணி அடிச்சா? மெஷின் நிக்காதும்மா. நீ விட்டா நான் ஒத்தையில என்ன பண்றது? மாத்து ஆள் வந்து முனையைப் பிடிச்சாத்தான் நீ போகலாம். இங்க அதான் சட்டம்."

அந்தச் சட்டம் இவளுக்கா தெரியாது? தினம் இரண்டுவேளை அதை நடித்துக் காட்டுகிறவள். எல்லாப் பொருத்தமும் பார்த்தவள், தானும் ஒரு மாற்று ஆளுக்காக நிற்கவேண்டிவரும் என்பதை மட்டும் மறந்துபோனாள். விரிப்பைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். ஜன்னலில் வெளுப்புத் தட்டியது. அப்பா இந்நேரம் எழுந்திருப்பார். பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். மாற்று ஆளாக வரவேண்டிய பெண் பஸ் தவறிப்போய் அடித்துப்பிடித்து ஓடிவந்து சேர்ந்தபோது நன்றாகவே விடிந்துவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்டதைக்கூடக் காதில் வாங்காமல் சின்னவள் ஓடினாள்.

பூட்டைத் திறந்தபோது உள்ளே சத்தமே இல்லை.

அப்பா அடுப்பு மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். இரண்டு பர்னரையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார், விறைத்துப்போன குழந்தையின் காலைச் சூடு பறக்கத் தேய்ப்பதுபோல. விரலெல்லாம் கரி. வாசலில் ஆளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஆறிப்போச்சு சார்" என்றார்.

"அப்பா, ஒண்ணும் ஆகலப்பா. நான்தான் அணைச்சு வச்சேன்."

"இல்ல சார். நான் லேட்டா வந்துட்டேன். தூங்கிட்டேன் போல. வந்து பார்க்கிறேன், ஆளையும் காணோம், தீயையும் காணோம்."

சின்னவள் பரணிலிருந்து ரெகுலேட்டரை இழுத்து, மாட்டி, அவர் மடியிலிருந்து ஒரு பர்னரை எடுத்து அடுப்பில் பொருத்தி, லைட்டரை அமுக்கினாள். உடனே பற்றவில்லை. ஒருவழியாக நீலமாக எரிந்தது. "பாருங்கப்பா, எரியுது பாருங்க. மாத்து ஆள் வந்தாச்சு. நான் எடுத்துக்கிட்டேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் தீயைப் பார்த்தார். உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்க்கவில்லை. வேலை தெரிந்த மனுஷன் அல்லவா, அவரை ஏமாற்ற முடியவில்லை.

"மேல எரிஞ்சு என்ன பிரயோஜனம்? உள்ள கண்ணாடி இறுகிப்போயிருக்கும். இனி இடிக்கத்தான் வேணும்" என்றார். பிறகு, ரகசியம் சொல்வதுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி ஆள் மேல தப்பில்ல சார். அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. பாவம், அவன் எவ்வளவு நேரம்தான் நிப்பான்? தப்பு எம்மேலதான்" என்றார்.

ராத்திரி ஆள் அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றும் அந்த மனுஷனின் கரி படிந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

மறந்துவிடும் என்றுதான் நினைத்தாள். மத்தியானம் சாப்பிட்டதைச் சாயங்காலம் மறக்கிறவர், பெண்டாட்டி செத்ததையே மறந்தவர், இதையா ஞாபகம் வைத்திருக்கப் போகிறார் என்று. எதை மறக்கவேண்டுமோ அதை மறக்காமல் இருப்பதில்தான் அந்த நோய்க்குத் திருப்தி போலிருக்கிறது. மறுநாள் விடிவதற்கு முன் அவள் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்துக் காத்திருந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. போய் எழுப்பினாள். "என்னை நிறுத்திட்டாங்கம்மா" என்றார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள், உட்கார்ந்தார். சாப்பாடு ஊட்டினாள், தின்றார். ராத்திரி கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினாள், கிடந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அவராக எதையும் கேட்கமாட்டார். தண்ணீர் கேன் போடுகிறவன் வந்து, வழக்கமான கேள்விக்காக வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவளுடைய கடைசி நம்பிக்கை அந்தத் திங்கட்கிழமைதான். அன்று அவர் உடம்பு மதிய வாரத்துக்கு மாறவேண்டும், காலையில் நெடுநேரம் தூங்கவேண்டும், உச்சிவேளைக்குப் பரபரப்பாக எழவேண்டும். திங்கட்கிழமை வந்தது. அவர் விடியலில் கண் திறந்தார், கூரையைப் பார்த்தார், அப்படியே இருந்தார். உச்சிவேளையிலும் அதே கூரைதான். அத்தனை வருஷம் சுற்றிய சக்கரம் நின்றுவிட்டது. அது நிற்காதா, மனுஷனுக்கு ஒரு நல்ல தூக்கம் வராதா என்று அவளே எத்தனையோ தடவை வேண்டிக்கொண்டதுதான்.

அண்ணன் போனில் கேட்டுக்கொண்டு, "பரவாயில்லையே, அடங்கிட்டார்னு சொல்லு. உனக்கும் தொந்தரவு குறைஞ்சுது" என்றான். இந்தத் தடவை அவள் அவனைத் திட்டவில்லை. அவன் சொன்னது நிஜம். அதுதான் தாங்கமுடியவில்லை.

அடுத்தநாள் மேற்பார்வைக்காரி கூப்பிட்டாள். "என்னங்க, பதிலே காணோம்? வர்றீங்களா இல்லையா? வேற ஆள் கேட்டு நிக்குது."

சின்னவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். இந்த வேலைக்குப் போகமுடியாது என்பதற்கு அவளிடம் ஒரே காரணம்தான் இருந்தது. ராத்திரி எழுந்து நடப்பார், உலையைத் தேடுவார், ஒப்படைக்க ஆள் இல்லாமல் தவிப்பார். அந்தக் காரணம் இப்போது நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இனி அதற்கு எந்த வாரமும் ஒரே வாரம்தான்.

"வர்றேங்க" என்றாள்.

"அந்தக் குரூப்பேதானா?"

"எதுல வேணா போடுங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

முதல் வாரமே இரவு விழுந்தது. கிளம்பும் நாள் சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்து, வாயைத் துடைத்து, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வைத்தாள். கத்தியை ஒளிக்கவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றவில்லை. தலைக்குத் துணியைக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, அவர் எதிரில் போய் நின்றாள். கேட்பார் என்று நின்றாள். ஒருதரம் கேட்டுவிட்டால் போதும், பையைக் கழற்றி வைத்துவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்றுகூட ஒரு பைத்தியக்கார எண்ணம்.

அவர் கேட்கவில்லை.

"நைட்டு ஷிஃப்ட்டுப்பா" என்று அவளே சொன்னாள்.

அப்பா மெதுவாகத் தலையைத் தூக்கினார். "நேரத்தோட போயிடும்மா" என்றார். "அங்க ஒருத்தன் நின்னுட்டிருப்பான்."

"சரிப்பா" என்றாள்.

பூட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவள் அதை எடுக்கவில்லை. கதவை வெறுமே சாத்திவிட்டு, நேரமாகிவிட்டதே என்று படியிறங்கினாள்.